ஒரு பெயர் எங்கள் மேசைக்கு வந்த வழி

"மேடம், இதுக்கு இனிமே கார்சினோமான்னு பேர் இல்லையாம்."

2016 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் நோய்க்குறியியல் துறையில் செவ்வாய் காலை எட்டரை மணி என்றால் ஜர்னல் கிளப். பி.ஜி. மாணவர்களில் ஒருவர் அண்மையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு வந்து எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்போம். அன்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் முறை. 'ஜாமா ஆன்காலஜி' இதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று இணையத்தில் வெளியிட்டிருந்த கட்டுரையை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தாள். தைராய்டில் வரும் ஒரு வகைக் கட்டியைப் பற்றியது. அதன் பெயரை மாற்றுகிறோம், பெயரிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம் என்பது சாரம்.

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்தது. அதே வகைக் கட்டிக்கு, அதே பழைய பெயரை எழுதி, நான் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பி அன்றோடு பத்தொன்பது நாள். கட்டுரை வெளிவந்து ஏறக்குறைய மூன்று மாதம். அந்தப் பெயர் உலகத்தைச் சுற்றி எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. என் மேசைக்குத்தான் வந்து சேரவில்லை.

அதனால் அது வந்த வழியை முதலிலிருந்து சொல்கிறேன்.

தைராய்டில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பாப்பில்லரி வகையைச் சேர்ந்தவை. மெல்லிய காம்பில் விரல் விரலாகக் கிளைக்கும் அமைப்பால் வந்த பெயர் அது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் அதைக் காட்டிக்கொடுப்பது விரல்களைவிட உட்கருதான். பெருத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கி, நடுவே வெளிறிப்போய்க் கிடக்கும். மேலைநாட்டுப் பாடநூல்கள் அதை 'ஆர்ஃபன் ஆன்னி' கண் என்கின்றன. அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்கதை ஒன்றில் கருவிழியே வரையாமல் விட்ட ஒரு சிறுமி வருவாள், அவள் கண். அந்தக் கதையை எங்கள் மாணவர்கள் யாரும் பார்த்ததில்லை. நான் அவர்களிடம், ஸ்தபதி இன்னும் கண் திறக்காத சாமி சிலையை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இமை இருக்கும், விழியின் வட்டம் இருக்கும், பார்வை இருக்காது. சில உட்கருக்களில் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடும், காப்பிக்கொட்டையின் நடுக்கோடு மாதிரி. இதில் வியப்பான ஒன்று உண்டு. அந்த வெளிறிய தோற்றம் ஓரளவுக்கு ஃபார்மலினும் பாரஃபின் மெழுகும் செய்யும் வேலை. அறுவை நடக்கும்போதே உறையவைத்து அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோஸன் ஸ்லைடில் அது அப்படித் தெரியாது. ஒருவருக்குப் புற்றுநோய் என்று சொல்ல எவ்வளவு நுட்பமான சாயலை நம்பியிருக்கிறோம் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

விரல்களே இல்லாமல், வட்ட வட்டமான நுண்பைகளாக மட்டும் வளர்ந்து, உட்கருவில் மட்டும் அந்தச் சாயல் இருந்தால்? அப்படிப்பட்ட கட்டிகளை 1960இல் ஸ்டூவர்ட் லிண்ட்சே கவனித்து எழுதினார். 1977இல் சென், ஹுவான் ரோசாய் இருவரும் அவற்றுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சர்ஜிக்கல் பேத்தாலஜி' என்ற இதழ் பிறந்ததே அந்த ஆண்டில்தான், அதன் முதல் தொகுதியிலேயே அந்தக் கட்டுரை வந்தது. மொத்தம் ஆறு நோயாளிகள். விரல் இல்லாவிட்டாலும் உட்கரு சொல்வதைக் கேட்டு இவற்றைப் பாப்பில்லரி குடும்பத்தில் சேர்க்க வேண்டும் என்றார்கள். 'பாப்பில்லரி கார்சினோமாவின் ஃபாலிக்குலர் வகை' என்ற பெயர் நிலைத்தது. ஆறு பேரை வைத்து எழுதிய சில பக்கங்கள் அடுத்த நாற்பது ஆண்டு உலகம் முழுக்க அறிக்கைகளில் ஓடின. அந்தக் கட்டுரை தவறில்லை. வாசல் திறந்த பிறகு உள்ளே யார் யார் நுழைந்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

சுற்றிலும் உறை மூடி, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமல், ரத்தக் குழாயில் புகாமல், முட்டைக்குள் கரு மாதிரி அமைதியாக இருந்த கட்டிகளும் உட்கருவின் சாயலால் மட்டுமே 'கார்சினோமா' ஆயின. சாயல் எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 2004இல் லாய்டும் சகாக்களும் செய்த ஆய்வில், தைராய்டில் கைதேர்ந்த 10 நோய்க்குறியியல் வல்லுநர்கள் 87 கட்டிகளின் ஸ்லைடுகளைத் தனித்தனியே பார்த்தார்கள். இது இந்த வகைதான் என்று பத்துப் பேரும் ஒத்துப்போனது 39 சதவீதத்தில்தான். வல்லுநர்களின் கதியே இதுவென்றால் ஒரு நாளைக்கு அறுபது ஸ்லைடு பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் நிலை என்ன? இந்தத் தயக்கம் முன்பே இருந்தது. தீங்கானதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத கட்டிகளுக்கு அப்படியே ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று டில்வின் வில்லியம்ஸ் 2000இலேயே எழுதினார். அது பரவலாக ஏற்கப்படவில்லை.

இதே காலத்தில் வேறொரு வரைபடம் ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1973இல் லட்சம் பேருக்கு 3.6 ஆக இருந்த தைராய்டுப் புற்றுநோய் 2002இல் 8.7 ஆகிவிட்டது, ஆனால் அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கை லட்சத்துக்குச் சுமார் 0.5 என்ற அளவில் அசையவே இல்லை என்று 2006இல் டேவிஸ், வெல்ச் இருவரும் 'ஜாமா'வில் காட்டினார்கள். தென்கொரியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1993ஐவிட 2011இல் கண்டறிதல் 15 மடங்கு. நோய் பெருகவில்லை, நாம்தான் கண்டுபிடித்துக்கொண்டே போகிறோம் என்று அந்தக் கட்டுரைகள் சொல்லின. கழுத்தில் அல்ட்ராசவுண்டு, அப்புறம் ஊசிப் பரிசோதனை, அப்புறம் அறுவை, கடைசியில் எங்கள் மைக்ராஸ்கோப். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உட்கார்ந்திருப்பவர் பெயர் வைக்கிறார். அவர் வைக்கும் பெயர் ஒருவரின் மீதி வாழ்க்கைக்குக் கூடவே வருகிறது.

பெயரை மாற்றும் வேலையைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் யூரி நிகிஃபோரோவ் முன்னின்று தொடங்கினார். 5 நாடுகளில் 13 இடங்களிலிருந்து உறை மூடிய கட்டிகளைச் சேர்த்தார்கள். ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியதால் கண்ணாடி எங்கும் பயணப்படவில்லை. 7 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே ஒரே செல்லைப் பார்த்தார்கள். தொலைபேசி வழியாகப் பலமுறை பேசினார்கள். 2015 மார்ச்சில் பாஸ்டனில் நேரில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் மைக்ராஸ்கோப் ஆட்கள் மட்டும் இருக்கவில்லை. அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களோடு ஒரு மனநல மருத்துவரும் தைராய்டுப் புற்றுநோய் வந்து மீண்ட ஒருவரும் இருந்தார்கள். பெயர் வைக்கும் இடத்தில் பெயரைச் சுமப்பவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்ததைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

அவர்கள் கையில் இருந்த முக்கியமான எண் 109. உறையைத் தாண்டாத கட்டி இருந்த 109 பேரைக் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 26 ஆண்டு தொடர்ந்து பார்த்திருந்தார்கள். அவர்களில் 67 பேருக்குத் தைராய்டின் ஒரு பாதியை மட்டுமே எடுத்திருந்தார்கள். யாருக்குமே கதிரியக்க அயோடின் கொடுக்கவில்லை. 109 பேரும் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். உறையைத் துளைத்த கட்டி இருந்த 101 பேரின் கதை வேறு. 12 பேருக்கு நோய் திரும்பவோ பரவவோ செய்தது, 5 பேருக்குத் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போனது, 2 பேர் அதனால் இறந்தார்கள். ஆகவே தீங்கு உட்கருவின் சாயலில் இல்லை, உறையைத் துளைத்ததில் இருந்தது.

பெயரை ஒரேயடியாக 'சாதாரணக் கட்டி' என்றும் மாற்றவில்லை. இந்தக் கட்டிகளில் ராஸ் என்ற மரபணுவின் பிறழ்வுகள் அடிக்கடி இருக்கும். விட்டுவைத்தால் ஒருநாள் உறையைத் துளைக்கலாம். எடுத்துவிட வேண்டியது, ஆனால் எடுத்ததோடு விட்டுவிட வேண்டியது. அதைச் சொல்லும் பெயராக வேண்டும். வந்த பெயர் நீளமானது. 'பரவாத, நுண்பை அமைப்புள்ள, பாப்பில்லரிச் சாயல் உட்கருக்கொண்ட தைராய்டுக் கட்டி' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நாங்கள் 'நிஃப்ட்-பி' என்கிறோம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 45,000 பேருக்கு மேற்பட்டவர்களை இந்தப் பெயர் மாற்றம் தொடும் என்று கட்டுரை கணித்தது.

இனிதான் எனக்கு மிகவும் சொல்லத் தோன்றும் பகுதி. ஒரு கட்டுரை வெளிவந்த நாளில் அதன் பயணம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஊரெல்லையில் பஸ் வந்து நின்றது மாதிரி. அங்கிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும்.

நான் 1990களின் தொடக்கத்தில் பி.ஜி. படித்தேன். வெளிநாட்டு ஜர்னல்கள் கல்லூரி நூலகத்துக்குக் கப்பல் தபாலில் வரும். ஜனவரி இதழ் கைக்கு வரும்போது வெளியே கத்திரி வெயில் அடிக்கும். ஓராண்டு இதழ்களைச் சேர்த்துப் பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டால் இன்னும் சில மாதம் கண்ணிலேயே படாது. முக்கியமான கட்டுரை என்றால் அதை எழுதியவருக்கே ஓர் அஞ்சலட்டை போடுவோம், உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று. அதற்கென்றே அச்சடித்த அட்டைகள் இருந்தன. இதழின் பெயர், ஆண்டு, பக்கம் மட்டும் நிரப்பினால் போதும். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் எங்கோ ஒரு நாட்டிலிருந்து தன் கையெழுத்தோடு பழுப்பு உறையில் அனுப்பிவைப்பார். எங்கள் பேராசிரியர் அந்தப் பிரதிகளை நோய்வாரியாக மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். தேர்வுக்கு முன் அந்தப் பெட்டியைக் கேட்டு நாங்கள் வரிசையில் நிற்போம்.

அப்போது காகிதம் வர நாளானது. வந்துவிட்டால் யாராவது படித்துவிடுவார்கள். இப்போது காகிதமே வேண்டாம், வெளியான அன்றைக்கே கைப்பேசியில் படிக்கலாம். ஆனால் படிக்க வேண்டியது மலையாகக் குவிந்துவிட்டது. வந்து சேரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சேர்ந்து படிக்கும் வழக்கம் பழையது. லண்டனில் செயின்ட் பார்தலோமியு மருத்துவமனை வாசலருகே ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் சின்ன அறை ஒன்றில் மாணவர்கள் கூடி ஜர்னல் படித்ததை ஜேம்ஸ் பேஜெட் நினைவுகூர்ந்திருக்கிறார். 1875இல் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் ஜர்னல் கிளப் ஒன்றைத் தொடங்கினார். தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைக் கூட்டாக வாங்கிச் சுற்றுக்கு விடுவதுதான் நோக்கம். ஆஸ்லரைப் பெரிய பொதுநல மருத்துவர் என்றே எல்லோருக்கும் தெரியும். மான்ட்ரியாலில் இருந்த அந்த ஆண்டுகளில் அவர் நூற்றுக்கணக்கான உடற்கூறாய்வுகளைத் தன் கையால் செய்த நோய்க்குறியியல்காரர் என்பதை எங்கள் துறைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். காலையில் பிணவறை, மாலையில் ஜர்னல். அந்த இரண்டையும் அவர் பிரித்து வைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன்.

மாணவி கட்டுரையின் பட்டியலுக்கு வந்திருந்தாள். உட்கருவுக்கு மூன்று கேள்வி: பெருத்து நெருங்கியிருக்கிறதா, உட்கருவின் சுவர் கோணலாக இருக்கிறதா, உள்ளே வெளிறியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் அல்லது ஒன்று. இரண்டோ மூன்றோ வந்தால் சாயல் உண்டு. அப்புறம் இருக்கக் கூடாதவை: உறையைத் துளைத்தல், ரத்தக் குழாயில் புகுதல், செத்த திசு, அதிகமான செல் பிரிவு, மணல் போன்ற சுண்ணாம்பு மணிகள், நூற்றில் ஒரு பங்குக்கு மேல் விரல்கள். கடைசியாக ஒரு நிபந்தனையை அவள் சாதாரணமாகப் படித்துவிட்டுத் தாண்டினாள். நான்தான் நிறுத்தச் சொன்னேன். உறை முழுவதையும் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை.

நான் முழுவதும் பார்க்கவில்லை. மூன்று சென்டிமீட்டர் கட்டி, ஆறு துண்டு எடுத்தோம், ஆறு ஸ்லைடு. அந்தக் காலத்து வழக்கத்துக்கு அது குறைவில்லை. எப்படியும் கார்சினோமா என்று எழுதப் போகிறோம், உறையைத் துளைத்ததா இல்லையா என்பது கூடுதல் தகவல்தான் என்ற எண்ணம். இப்போது அந்தக் கூடுதல் தகவல் பெயரையே தீர்மானிக்கிறது.

அறுத்தெடுத்த பகுதியில் ஸ்லைடுக்குப் போக மீந்ததை எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலினில் ஒரு மாதம் வைத்திருப்போம். அப்புறம் மருத்துவக் கழிவோடு போய்விடும். ஜர்னல் கிளப் முடிந்ததும் முடியாததுமாக, திசுக்களை வெட்டும் கிராஸிங் அறைக்கு ஓடினேன். டப்பா இருந்தது. மூடியில் எழுதியிருந்த தேதிப்படி இன்னும் நான்கு நாள். அந்த மாணவி அடுத்த மாதம் அந்தக் கட்டுரையை எடுத்திருந்தால் எனக்குக் கட்டுரை கிடைத்திருக்கும், கட்டி கிடைத்திருக்காது.

மீதி உறை முழுவதையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி வெட்டி வைத்தோம். இன்னும் பதினொரு மெழுகு பிளாக். இரண்டு நாள் கழித்து ஸ்லைடுகள் வந்தன. பல தலை மைக்ராஸ்கோப்பில் அவளை எதிரே உட்காரவைத்து, உறையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடப்பது மாதிரி ஒவ்வொரு ஸ்லைடையும் சுற்றி வந்தோம். ஓரிடத்தில் உறை மெலிந்து கட்டி வெளியே எட்டிப்பார்ப்பது போலிருந்தது. அந்த பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தோம். எட்டிப் பார்த்ததோடு சரி, தாண்டவில்லை. பதினேழு ஸ்லைடிலும் தாண்டவில்லை.

அறுவை மருத்துவரைக் கூப்பிட்டேன். மீதிப் பாதித் தைராய்டையும் எடுக்க அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார், அதற்குப் பிறகு கதிரியக்க அயோடினுக்கு வேறு ஊருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. "இப்படி ஒரு பேரை நான் கேள்விப்பட்டதே இல்லையே மேடம்" என்றார். "நானும் போன செவ்வாய்க்கிழமைதான் சார் கேள்விப்பட்டேன்" என்றேன். கட்டுரையைக் கைப்பேசியில் அனுப்பினேன். இரவு பதினோரு மணிக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. படித்துவிட்டேன், நிறுத்திவைக்கிறேன் என்று. அவர் என் பேச்சை நம்பி நிறுத்தியிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்காது. அந்த 109 பேரின் அட்டவணையை அவரும் பார்த்தார்.

மறுநாள், அந்தக் கட்டி இருந்த அம்மாவின் கணவரும் அண்ணனும் வந்தார்கள். பெரும்பாலும் நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அறிக்கையின் அடியில் இருக்கும் கையெழுத்துதான் நாங்கள். அவர்கள் தேடி வந்தது சரி என்றே எனக்குப் பட்டது. திருத்தப்பட்ட அறிக்கையை மேசைமேல் விரித்து அண்ணன் கேட்டார்: "அப்ப மொதல்ல எழுதுனது தப்பா டாக்டரம்மா?"

இப்படிப்பட்ட இடத்தில் சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு வாய் வரவில்லை. "கட்டி அன்னைக்கும் இதேதாங்க. அதுக்கு வெச்ச பேரு மாறிடுச்சு. மாறினது ஏப்ரல்ல. நான் ஜூலையிலதான் படிச்சேன்" என்றேன். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்ல கேன்சர்னு சொல்லிட்டோம். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்ததை நிறுத்திட்டோம். இப்ப இல்லன்னு சொல்லலாங்களா?" என்றார். சொல்லலாம் என்றேன். வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். பத்தொன்பது நாளுக்கும் மேலாக ஒரு வீடு அந்தச் சொல்லோடு தூங்கி எழுந்திருக்கிறது. அதை எந்தத் திருத்த அறிக்கையாலும் திரும்ப எடுக்க முடியாது.

மருத்துவர் ஒருவர் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று 2002இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் தொழில்நெறி விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் அந்த மணிகளைப் பெரும்பாலும் மாநாட்டு மண்டபங்களில் சேர்க்கிறோம். காலையில் பதிவு, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். அங்கே நல்ல உரைகளைக் கேட்டிருக்கிறேன், அதை மறுக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் ஜர்னல் கட்டுரையைப் படித்து அதன்மேல் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் கட்டுரைக்கு ஒரு கிரெடிட் தருகிறார்கள். நோய்க்குறியியல் இதழ்களும் அப்படிக் கட்டுரைகளைக் குறித்துத் தருகின்றன. இங்கும் மாவட்டத்தில் தனியாக ஆய்வகம் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த வழி மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன். அவர் ஒரு நாள் கடையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போனால் அன்றைய பயாப்ஸியெல்லாம் காத்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு கட்டுரையைப் படிக்க அவரால் முடியும்.

படிப்பதிலும் முறை உண்டு. மாணவர்கள் சுருக்கத்தைப் படித்து முடிவுரைக்குத் தாவுவார்கள். நான் படத்துக்குத்தான் முதலில் போகச் சொல்வேன். அவர்கள் காட்டும் உட்கருவும் நாம் அப்படி அழைக்கும் உட்கருவும் ஒன்றுதானா? அப்புறம் எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள் என்பது. தைராய்டு மெதுவான நோய். மூன்று ஆண்டு பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குப் பொருளில்லை. அதனால்தான் அந்தக் கட்டுரையில், உறையைத் தாண்டாத கட்டி இருந்தவர்களில் 10 ஆண்டுக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அடுத்தது நம் ஊருக்குப் பொருந்துமா என்பது. பின்னாளில் ஆசிய நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகள் நிஃப்ட்-பி இங்கே அமெரிக்காவைவிட மிகக் குறைவு என்று காட்டின. நம்மவர்கள் முன்பிருந்தே உட்கருவின் சாயலை ஒப்புக்கொள்வதில் கறாராக இருந்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. படித்து முடித்ததும் சொந்த அலமாரியைத் திறந்து பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாதவரை கட்டுரை தாளில்தான் இருக்கிறது.

2017இல் உலக சுகாதார அமைப்பின் நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கான நீல நிறப் புத்தகம் நிஃப்ட்-பியைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு குறியீடு உண்டு. கடைசி இலக்கம் 3 என்றால் புற்றுநோய், 0 என்றால் தீங்கற்றது. இதற்கு 1 கொடுத்தார்கள். மூன்று ஒன்றானது. அமெரிக்கத் தைராய்டு சங்கமும் அதே ஆண்டு பெயரை ஏற்றது.

அத்தோடு முடியவில்லை. பெயர் பரவியதும் பல ஊர்களில் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். நிஃப்ட்-பி என்று மாற்றிவைத்த சிலவற்றில் நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தது தெரிந்தது. கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு நேராக விஷயத்துக்கு வந்தது: நூற்றில் ஒரு பங்குவரை விரல்கள் இருக்கலாம் என்று விட்ட அந்தச் சின்னச் சலுகை வழியாக உண்மையான பாப்பில்லரிப் புற்றுநோய்கள் உள்ளே நுழைகின்றன. 2018இல் நிகிஃபோரோவும் சகாக்களும் அதே 'ஜாமா ஆன்காலஜி'யில் இரண்டே பக்கத்தில் திருத்தம் எழுதினார்கள். நன்கு உருவான விரல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் பிராஃப் மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு இல்லை என்று பார்ப்பது நல்லது. 2016இன் கட்டுரை செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. இந்த இரண்டு பக்கம் எதிலும் வரவில்லை. முதல் கட்டுரையை ஆர்வத்தோடு படித்து, இரண்டாவதைப் பார்க்காமல் விட்ட ஒருவர் இப்போது எதிர்த்திசையில் தவறுவார். புற்றுநோயாக இருப்பதை இல்லை என்று எழுதிவிடுவார். முன்னதைவிட இது பெரிய ஆபத்து.

இம்முறை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டே தாள். 2016 மாணவி அதற்குள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எதிரே புதிய முகங்கள். சொல்லி முடித்ததும் ஸ்லைடு அறைக்குப் போனோம். இரண்டு ஆண்டில் நாங்கள் நிஃப்ட்-பி என்று எழுதியவை மொத்தம் நான்கு. நான்கையும் எடுத்து வைத்தோம்.

அந்த அம்மாவின் ஸ்லைடுகளை யாரிடமும் கொடுக்கவில்லை, நானே பார்த்தேன். பதினேழு. இந்த முறை உறையோரம் நடக்கவில்லை, உள்ளே வயலுக்குள் வரப்பு வரப்பாகப் போனேன், விரல் எங்காவது நீட்டியிருக்கிறதா என்று. பதின்மூன்றாவது ஸ்லைடில் ஒரு நுண்பையின் சுவர் உள்ளே மடிந்து கிடந்தது. நெடுநேரம் பெருக்கிப் பார்த்தேன். நடுவே ரத்தக் குழாயோடு கூடிய தண்டு இல்லை. வெறும் மடிப்பு. பக்கத்திலிருந்த மாணவனையும் பார்க்கச் சொன்னேன். "பாப்பில்லா இல்ல மேடம்" என்றான். ஏன் இல்லை என்று கேட்டேன். சரியாகச் சொன்னான்.

அந்த அம்மா அந்த வாரம் வருடாந்திரச் சோதனைக்கு வந்து, கழுத்தை ஸ்கேன் செய்துகொண்டு, ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டுப் போனதாக அறுவை மருத்துவர் பிறகு சொன்னார். தன் பதினேழு கண்ணாடிகளை மீண்டும் ஒருவர் படித்தது அவருக்குத் தெரியாது. கோப்பின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டேன். கீழே, 'விரல் இல்லை, 17/17' என்று எழுதி, தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.